சென்னையில் டாக்ஸி ஆப்பில் கார் ஓட்ட வருகிறீர்களா? வண்டி வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மஞ்சள் போர்டு மாட்டிய புதுக் கார் 23 நாள் எங்கள் வீட்டு வாசலில் சும்மா நின்றது. மாங்காட்டில் நாங்கள் குடியிருப்பது ஒரு முட்டுச்சந்து. பால் வாங்கப் போகிறவர் முதல் இஸ்திரி வண்டிக்காரர் வரை எல்லோரும் "என்னப்பா, வண்டி எடுத்தாச்சு, இன்னும் ஓட்டலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். காரணத்தைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. லைசென்ஸில் என் பெயரோடு ஒற்றை எழுத்து இனிஷியல். ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் மூன்றாவதாக ஒன்று. ஆப் ஏற்றுக்கொள்ளவில்லை. வண்டி நின்றால் தவணையும் நிற்குமா என்ன? முதல் மாதத் தவணை சொன்ன தேதியில் கணக்கிலிருந்து போய்விட்டது.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை முடிந்தபிறகு இந்தத் தொழிலுக்கு வந்தேன். வந்தபின் தெரிந்துகொண்டதை முன்பே யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் குறைந்தது 50,000 ரூபாய் எனக்கு மிச்சமாகியிருக்கும். அந்த வரிசைதான் இது. ஆட்டோவுக்கும் பைக்குக்கும் சங்கதி வேறு. இங்கே சொல்வது காருக்கு மட்டும்.

1. முதல் மாதம் அடுத்தவர் வண்டியை ஓட்டுங்கள்

நான் செய்யாமல் விட்டது இதைத்தான். சென்னையில் நாலைந்து டி-போர்டு (மஞ்சள் போர்டு வாடகை) கார்களை வைத்துக்கொண்டு ஆள் போட்டு ஓட்டும் ஓனர்கள் நிறைய இருக்கிறார்கள். தெரிந்த மெக்கானிக் ஷெட்டில் சொல்லி வையுங்கள்; இல்லையென்றால் சி.என்.ஜி. (இயற்கை எரிவாயு) பங்க் வரிசையில் நிற்கும் டிரைவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். ஒருவராவது சிக்குவார்.

ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று நாள் வாடகை: ஓனருக்கு ஒரு தொகை கட்டிவிட்டு, எரிபொருள் போட்டு, மிச்சத்தை நீங்கள் எடுத்துக்கொள்வது. இன்னொன்று வசூலில் பங்கு. எதுவாக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பஞ்சரும் சின்ன உரசலும் யார் செலவு? வண்டி ஷெட்டில் நின்ற நாளுக்கும் வாடகை உண்டா? அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும்? பதிலை வாட்ஸாப்பில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். நல்ல ஓனர் போட்டுவிடுவார். முகம் சுளிப்பவரிடம் போகாதீர்கள்.

ஒரு கண்ணி இருக்கிறது. "பழைய டிரைவர் ஐடி இருக்கு, அதிலேயே ஓட்டுங்க" என்பார்கள். வேண்டவே வேண்டாம். இப்போதெல்லாம் ஆப் திடீரென்று செல்ஃபி கேட்கும், முகம் பொருந்தாவிட்டால் ஐடி பிளாக். அதைவிடப் பெரியது, விபத்து நடந்தால் ஆப்பின் பதிவில் வண்டியில் இருந்தது வேறொருவர் என்று இருக்கும். உங்கள் பெயரில், உங்கள் லைசென்ஸில் ஐடி திறந்தபிறகே ஓட்டுங்கள்.

இந்த ஒரு மாதத்தில் பணம் பெரிதாக நிற்காது, பரவாயில்லை. தினமும் 12 மணி நேரம் உட்கார முதுகு ஒத்துழைக்கிறதா, மத்திய கைலாஷ் சிக்னலில் நாலாவது முறையாகச் சிவப்பு விழும்போது மனசு என்ன செய்கிறது, பாத்ரூம் எங்கே போவது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கடைசியாகச் சொன்னது வேடிக்கை இல்லை. போகவேண்டுமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டிச் சிறுநீரகக் கல்லோடு நின்றவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். பெட்ரோல் பங்க் கழிப்பறைகளைப் பழகிக்கொள்ளுங்கள்.

2. பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போடுங்கள்

"ஒரு நாளைக்கு மூவாயிரம் பார்க்கலாம்" என்று ஷோரூமில் சொல்வார்கள். பொய் இல்லை, ஆனால் அது வசூல். கைக்கு வருவது வேறு. சுமாரான ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 200 கிலோமீட்டர் ஓடினீர்கள். அதில் ஆள் இருந்தது 140. மீதி 60 பிக்கப்புக்குப் போனது, காலியாகத் திரும்பியது. கிலோமீட்டருக்கு 19 ரூபாய் என்றால் வசூல் 2,660.

இனி செலவு:

சி.என்.ஜி. நகருக்குள் கிலோவுக்கு 25 கிலோமீட்டர் கொடுத்தால் 8 கிலோ. கிலோ 91 ரூபாய் என்று வைத்தால் 728.
தவணை: 6 லட்சம் கடன், 11% வட்டி, 5 வருடம் என்றால் மாதம் 13,045 ரூபாய். மாதம் 26 நாள் ஓட்டினால் நாளுக்கு 502.
இன்சூரன்ஸ்: எனக்கு முதல் வருடம் 32,000 ஆனது. நாளுக்கு 103.
டயர், சர்வீஸ், பிரேக், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) செலவு எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 1.25 ரூபாய். 250.
ஆப் கட்டணம் 80. சாப்பாடு, டீ, வண்டி கழுவ 200.

கூட்டினால் 1,863. கையில் நிற்பது 797 ரூபாய். 26 நாளுக்கு 20,722.

நாள் முழுக்க ரோட்டில் கிடந்து இவ்வளவுதானா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் எந்தக் கடனும் இல்லாமல் இதை ஒட்டி வாங்குகிறார். சொந்த வண்டியின் லாபம் கடன் முடிந்தபின்தான், அதுவரை நீங்கள் வங்கிக்கு ஓட்டுகிறீர்கள். 5 வருடம் அப்படி ஓட்ட முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள். என் கணக்கில் உள்ள எண்களை எடுத்துவிட்டு, முதல் மாதம் ஓட்டியபோது நீங்கள் குறித்துவைத்த எண்களைப் போட்டுப் பாருங்கள். காலி கிலோமீட்டர் 60க்குப் பதில் 90 ஆனால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். இந்தத் தொழிலில் ஆளைக் கொல்வது அதுதான், கமிஷன்கூட இல்லை.

3. பெயரை ஒன்றாக்குங்கள்

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதுவே ஆப்பில் சேரும்போது காலை வாருகிறது. பான் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள், ஆகவே அப்பா பெயர் பின்னால் ஒட்டிக்கொள்ளும். லைசென்ஸ் எடுத்த காலத்தில் ஒற்றை எழுத்து. வங்கிப் பாஸ்புக்கில் அதே எழுத்து முன்னால். ஆதாரில் யாரோ தட்டச்சு செய்தது. மனிதன் ஒருவன்தான்; கணினிக்கு நாலு பேர்.

எனக்கு இன்னொரு சங்கடம். அப்பா பெயரில் ஒரு ழகரம். ஆதாரில் அதற்கு 'எல்' போட்டிருந்தார்கள், ஷோரூமில் படிவம் நிரப்பிய தம்பி என்னைக் கேட்டு 'இசட், எச்' என்று எழுதிக்கொண்டார். எனக்கும் அதுதான் சரியான ழ என்று ஒரு பெருமை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆர்.சி. அந்தப் பெயரில் வந்தது. ஆப்பில் ஏற்றினேன், "ஆவண விவரம் பொருந்தவில்லை" என்று வந்தது. வெளிச்சம் பட்டிருக்கும் என்று மறுபடி போட்டோ எடுத்து ஏற்றினேன். அதே பதில். மூன்றாவது முறைக்குப்பின் உதவி மையத்துக்கு நேரில் போனேன். கவுண்டரில் இருந்த பெண் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் அந்த எழுத்தைத் தொட்டுக் காட்டினார். ஆர்.சி.யைத் திருத்தி, அதற்கேற்ப இன்சூரன்ஸில் பெயர் மாற்றி, லைசென்ஸையும் சரிசெய்து முடிப்பதற்குள் அந்த 23 நாள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வண்டி பார்ப்பதற்கு முன்பே ஆதார், லைசென்ஸ், பான், வங்கிக் கணக்கு நான்கையும் மேசையில் பரப்புங்கள். ஆங்கிலப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆதாரை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்குக் கொண்டுவாருங்கள். ஆதாரிலேயே தவறு என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். மையத்தில் 75 ரூபாய். ஆனால் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், ஆகவே யோசித்துச் செய்யுங்கள். பான் மட்டும் விரித்த பெயரில் இருந்தால் பெரிய தொல்லை வராது. லைசென்ஸும் ஆர்.சி.யும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போவதுதான் முக்கியம். ஷோரூமில் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். தம்பி அவசரப்படுத்துவார், படுத்தட்டும்.

இன்னொன்று, உங்கள் லைசென்ஸ் பழையது என்றால் மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். விவரம் வரவில்லையென்றால் எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுத்தீர்களோ அங்கே போய்ப் பதிவேற்றச் சொல்ல வேண்டும். சொந்த ஊர் தென்காசிப் பக்கம் என்றால் ஒரு நாள் பயணம். வண்டி எடுத்தபின் அலைவதைவிட முன்பே முடித்துவிடலாம்.

4. லைசென்ஸும் பேட்ஜும்

வாடகை வண்டி ஓட்ட ஆர்.டி.ஓ.வில் தரும் பேட்ஜ் எடுக்க வேண்டுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தால், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. நம் டாக்ஸி கார் ஒன்றரை டன்கூட வராது. ஆகவே பேட்ஜ் வாங்கித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் புரோக்கரிடம் சிக்காதீர்கள். பழைய ஓனர்கள் சிலர் மட்டும் "பேட்ஜ் இருக்கா?" என்று கேட்பதுண்டு, பழக்கதோஷம்.

காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றிதழைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். நான் 500 ரூபாய் கட்டினேன். ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். காவலர் விசாரிக்க வரும்போது தற்போதைய முகவரியில் நீங்கள் இருக்க வேண்டும். வாடகை வீடு என்றால் ஒப்பந்த நகல் எடுத்து வையுங்கள்.

5. எந்த வண்டி?

சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டு கார் ஏற்கெனவே இருக்கிறது, அதையே ஓட்டிப் பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்கு: வேண்டாம். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், சிறைக்கும் இடமுண்டு. அதைவிட மோசம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரித்துவிடும். தனியார் பாலிசியில் வாடகை ஓட்டம் சேராது.

பழைய ஓன் போர்டு காரை வாங்கி டி-போர்டாக மாற்றலாம்தான். நண்பர் ஒருவர் அப்படிச் செய்தார். கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்று, வரி வித்தியாசம், எஃப்.சி., வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று ஒவ்வொன்றாக வந்து இரண்டு மாதம் போனது. செலவுக் கணக்கை அவர் இன்னும் மனைவியிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே டி-போர்டில் இருக்கும் இரண்டு மூன்று வருடக் காரை வாங்குவது தேவலை. அதிலும் கிலோமீட்டரை நம்பாதீர்கள். கம்பெனி சர்வீஸ் பதிவை எடுத்துப் பாருங்கள். டாக்ஸியாக மூன்று வருடம் ஓடிய வண்டி 60,000 காட்டினால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள்.

புது வண்டி என்றால் டாக்ஸிக்கென்றே வரும் மாடல்கள் உண்டு. மாருதியில் டிசையரின் டாக்ஸி வடிவமான டூர் எஸ், வேகன்-ஆர் வடிவமான டூர் எச்3 போன்றவை. டாக்ஸிக்குக் கட்டாயமான மணிக்கு 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு கம்பெனியிலேயே பொருத்தி வரும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விலைப் பட்டியலை நீட்டினால் புதியதைக் கேளுங்கள்.

சி.என்.ஜி.யா பெட்ரோலா? நகருக்குள் தினமும் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் சி.என்.ஜி.தான் கட்டுப்படியாகும், பெட்ரோல் நூறைத் தாண்டி நிற்கிறது. ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, பங்க் வரிசை. மாலையில் போனால் அரைமணி, முக்கால்மணி போய்விடும், விடியற்காலையில் நிரப்புங்கள். இன்னொன்று டிக்கி. ஒரு நாள் அதிகாலை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் ஒரு குடும்பம் ஏறியது. அம்மா, அப்பா, கல்லூரிப் பையன். இரண்டு பெட்டி, அரை மூட்டை அரிசி, ஒரு முறுக்கு டின், வாழைத்தார். டிக்கியைத் திறந்தால் பாதிக்கு மேல் சிலிண்டர். அந்த அம்மா சிலிண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுல என்னத்த வைக்க?" பையன் வாழைத்தாரை மடியில் வைத்துக்கொண்டு பெரம்பூர் வரை வந்தான். அன்று முதல் டிரிப் ஏற்றதும் போன் போட்டு "லக்கேஜ் எவ்வளவு?" என்று கேட்டுவிடுகிறேன். மேலே கேரியர் போடலாம், மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும்.

கடன் பற்றி ஒரு வரி: ஷோரூமில் இருப்பவர் காட்டும் ஒரே நிதி நிறுவனத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு இடத்திலாவது, உங்கள் வங்கி உட்பட, வட்டியை எழுத்தில் வாங்குங்கள். முன்கூட்டி அடைத்தால் அபராதம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.

6. பதிவு, பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ்

புது வண்டிக்கு இதை எல்லாம் ஷோரூமே செய்து தரும். நீங்கள் செய்ய வேண்டியது விலைப் பட்டியலைப் பிரித்துக் கேட்பது. வரி எவ்வளவு, பதிவுக் கட்டணம் எவ்வளவு, பர்மிட் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். "ஆர்.டி.ஓ. செலவு" என்று ஒரே வரியில் ஒரு தொகை இருந்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான் அப்படி ஒரு வரிக்குக் கொடுத்தேன். ரசீதுகள் கைக்கு வந்தபின் கூட்டிப் பார்த்தால் 7,000 ரூபாய்க்குக் கணக்கே இல்லை.

பர்மிட் 5 வருடம் செல்லும். அது தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்வதா, அகில இந்தியச் சுற்றுலாப் பர்மிட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பதிக்கும் பெங்களூருக்கும் வெளியூர் டிரிப் நிறைய வரும். முதல் வகைதான் என்றால், எல்லை தாண்டும் முன் தற்காலிகப் பர்மிட்டும் அந்த மாநில வரியும் கட்டியாக வேண்டும். டிரிப்பை ஏற்றபிறகு எல்லையில் உள்ள ஊத்துக்கோட்டையில் நின்று யோசிப்பதில் பயன் இல்லை.

எஃப்.சி. புது வண்டிக்கு 2 வருடம். அப்புறம் வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடா வருடம். தேதி தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் கூடுதல். எஃப்.சி.க்குப் போகும்முன் ரிஃப்ளெக்டிவ் ஸ்டிக்கர், முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், நம்பர் பிளேட், ஹாரன், எல்லா விளக்கும் சரிபாருங்கள். ஒரு பிரேக் லைட்டுக்காகத் திருப்பி அனுப்பினால் அன்றைய ஓட்டம் போச்சு.

இன்சூரன்ஸ்தான் புதியவர்களுக்கு மயக்கம் தருவது. சொந்தக் காருக்குக் கட்டிய நினைப்பில் இருப்பீர்கள். 1,000 முதல் 1,500 சி.சி. காருக்கு, 2022 ஜூனில் வந்த விகிதப்படி, மூன்றாம் நபர் காப்பீடு சொந்தக் காருக்கு 3,416 ரூபாய். அதே காரை டாக்ஸியாக ஓட்டினால் 7,940, கூடவே பயணி ஒருவருக்கு 978 வீதம். நாலு பயணிக்கு மொத்தம் 11,852, ஜி.எஸ்.டி. தனி. இது அடுத்தவருக்கான பகுதி மட்டும். உங்கள் வண்டிச் சேதத்துக்கான பகுதி அதற்கு மேல். முதல் மூன்று வருடமாவது தேய்மானக் கழிவு இல்லாத பாலிசியாக எடுங்கள். பம்பர் உடையாத டாக்ஸி சென்னையில் கிடையாது. ஓனரே ஓட்டுநர் என்றால் 15 லட்சத்துக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு அதில் இருக்கிறதா என்று பாலிசித் தாளில் விரல் வைத்துப் பாருங்கள்.

7. ஆப்பில் சேருவது

ஓலா, ஊபர், ராபிடோ, நம்ம யாத்ரி எல்லாவற்றுக்கும் டிரைவர்களுக்கென்று தனி ஆப் உண்டு. பயணிகளின் ஆப் வேறு. லைசென்ஸ், ஆர்.சி., பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், பான், ஆதார், வங்கிக் கணக்கு, உங்கள் போட்டோ. பகல் வெளிச்சத்தில், தரையில் வைத்து, நாலு மூலையும் தெரிகிற மாதிரி எடுங்கள். லேமினேட் செய்த அட்டையில் வெளிச்சம் அடித்து எண் மறையும். சேருவதற்கு யாருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. "வண்டி அட்டாச் பண்ணித் தர்றேன், 3,000 கொடுங்க" என்று பங்க் வாசலில் நிற்பவர் செய்வதும் இதே போட்டோ ஏற்றும் வேலைதான்.

ஒன்றில் மட்டும் சேராதீர்கள். பணம் எடுக்கும் முறை இரண்டு: ஒவ்வொரு டிரிப்பிலும் கமிஷன் பிடிப்பது, இல்லையென்றால் நாளுக்கோ வாரத்துக்கோ ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு கமிஷனே இல்லாமல் விடுவது. சொந்த வண்டி டிரைவருக்கு வசூலில் 80 சதவீதமாவது போக வேண்டும் என்று மத்திய அரசின் 2025 ஜூலை வழிகாட்டுதல் சொல்கிறது. மாநில அரசு அதை ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவந்தால்தான் அது கட்டாயமாகும். நாள் முழுக்க ஓட்டுபவர்களுக்குக் கட்டண முறைதான் லாபம் என்பது என் அனுபவம். உடம்பு சரியில்லாமல் பாதி நாள் படுத்துவிடுகிற வாரத்தில் கட்டணம் வீணாகும். ஆகவே ஆரம்பத்தில் மாதக் கட்டணத்தைக் கட்டிவிடாதீர்கள், நாள் கட்டணத்தில் தொடங்குங்கள்.

கமிஷன் முறையில் ரொக்கமாக வாங்கும் டிரிப்பில் ஒரு மயக்கம் உண்டு. முழுப் பணமும் கையில் இருக்கும், கமிஷன் உங்கள் பெயரில் கடனாக ஏறும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மைனஸில் நிற்கும், டிரிப் வராது. இரவில் வீடு திரும்பியதும் அன்றைய பாக்கியைக் கட்டிவிடுங்கள்.

8. முதல் இரண்டு வாரம்

எல்லா டிரிப்பையும் எடுக்காதீர்கள், எல்லாவற்றையும் கேன்சலும் செய்யாதீர்கள். மூன்று ரூபாய் அதிகம் என்று 4 கிலோமீட்டர் தள்ளிப் பிக்கப்புக்குப் போவதைவிட 800 மீட்டரில் இருக்கும் சின்ன டிரிப் மேல்.

விடியற்காலை 4 முதல் 7 வரை கிளாம்பாக்கம், எழும்பூர், சென்ட்ரல். தென்மாவட்டப் பஸ்ஸும் ரயிலும் வந்து இறங்கும் நேரம், ரோடும் காலி. 8 மணிக்கு மேல் ஓ.எம்.ஆர். பக்கம் ஆபீஸ் டிரிப். 12 முதல் 4 வரை வெயிலில் காலியாகச் சுற்றாதீர்கள். சாப்பிட்டு, மர நிழலில் சீட்டைச் சாய்த்துத் தூங்குங்கள். மாலையில் மறுபடி. இரவு 10 மணிக்கு மேல் சிறுசேரிக்கோ திருப்போரூருக்கோ டிரிப் ஏற்றால் திரும்பி வர ஆள் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே ஏறுங்கள். வீட்டுப் பக்கம் போகும் டிரிப் மட்டும் கேட்கும் வசதி சில ஆப்களில் உண்டு. கடைசி டிரிப்புக்கு அதைப் போடுங்கள்.

ஏர்போர்ட் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். வரிசையில் உங்கள் முறை வர இரண்டு மணி நேரம் ஆகி, வருவது பல்லாவரம் டிரிப்பாக இருந்தால் வயிறு எரியும். போகிற போக்கில் அங்கே ஒருவரை இறக்கினால், வரிசை சின்னதாக இருந்தால் மட்டும் நில்லுங்கள். ஆப் டாக்ஸியில் பயணிகள் டெர்மினல் வாசலில் ஏற முடியாது, பலமாடி வாகன நிறுத்தத்துக்கு வர வேண்டும். புதிதாக வருபவருக்கு இது தெரியாது. எந்த லிஃப்ட், எந்தத் தளம் என்று போனில் பொறுமையாகச் சொல்லப் பழகுங்கள்.

9. ஏமாற்றுக்காரர்கள்

முதல் மாதத்தில் கண்டிப்பாக ஒரு போன் வரும். "சார், கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உங்களுக்கு போனஸ் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க." சொன்னால் உங்கள் ஐடி அவன் கையில், வார வசூலும் அவன் கணக்கில். பயணி சவாரி தொடங்கச் சொல்லும் நாலு இலக்க எண்ணைத் தவிர வேறு எந்த ஓடிபியும் யாரிடமும் பேசும் விஷயமே இல்லை.

இன்னொன்று, பணம் அனுப்பிவிட்டதாகத் திரையைக் காட்டிவிட்டு இறங்கிப் போவது. உங்கள் போனில் சத்தம் வந்தபிறகே கதவைத் திறந்துவிடுங்கள். 300 ரூபாய்க்கு ஒரு சின்ன ஒலிப்பெட்டியோ, வங்கிச் செய்தியோ, எதுவோ ஒன்று.

"கேன்சல் பண்ணிடுங்க, ஆப்ல காட்டுறதையே கையில தர்றேன்" என்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்தச் சவாரிக்கு எந்தப் பதிவும் இருக்காது. நாளைக்குத் தகராறு என்றால் நீங்கள் அங்கே போனதற்கே சாட்சி கிடையாது. முன்னும் பின்னும் பார்க்கும் டேஷ்கேம் ஒன்று முதல் மாத வசூலிலேயே வாங்குங்கள்.

10. வாரியமும் வரியும்

மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் ஆப் டிரைவர்களும் பதியலாம், இலவசம். தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு ஒரு நலவாரியம் உண்டு. 2023இல் ஆப் வழியாக வேலை செய்யும் கிக் தொழிலாளர்களுக்கென்றும் தனியாக ஒன்று அமைத்தார்கள். பிள்ளைகள் படிப்பு, விபத்து உதவி போன்றவற்றுக்கு உறுப்பினர் அட்டை வேண்டும். விபத்து நடந்தபின் பதிய ஓடுவதால் ஒன்றும் கிடைக்காது, முதல் மாதத்திலேயே பதிந்துவிடுங்கள்.

வருமானம் வரி வரம்புக்குள் வராவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். ஆப் பிடித்த வரி ஏதாவது இருந்தால் திரும்பி வரும். அடுத்த கடன் கேட்கும்போது மூன்று வருடத் தாக்கலைத்தான் வங்கியில் முதலில் கேட்பார்கள்.

11. ஒரு சின்ன நோட்டு

என் கார் டேஷ்போர்டில் 10 ரூபாய்க்கு வாங்கிய குறிப்பு நோட்டு ஒன்று கிடக்கிறது. முதல் பக்கத்தில் தேதிகள் மட்டும்: இன்சூரன்ஸ், எஃப்.சி., பர்மிட், வருடத்துக்கு ஒருமுறை புகைச் சான்று, மூன்று வருடத்துக்கு ஒருமுறை சி.என்.ஜி. சிலிண்டர் சோதனை. இதில் ஆப்பில் ஏற்றிய ஏதாவது ஒன்று காலாவதியானால் அன்று நள்ளிரவே ஆப் உங்களை நிறுத்திவிடும். காலையில் லாகின் ஆகவில்லையே என்று ஏர்போர்ட் வாசலில் நின்று முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தேதிக்கும் 20 நாள் முன்னால் போனில் அலாரம் வைத்துவிடுங்கள். எனக்கு அடுத்தது சிலிண்டர். மார்ச் 9.